சூலமாக நின்ற ஸ்டெப்னி ஸ்டாண்டு

மாசி 9, திங்கள்

இரவில் பனி, பகலில் வெயில். அம்மா தூங்கியாயிற்று. அப்பா புரண்டால் விளக்கை ஊதிவிட வேண்டும்.

வீட்டு வண்டி இன்றும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எஃப்.சி. சோதனையில் தேறவில்லை. (வீட்டு வண்டி என்பது நான் வைத்த பெயர். மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் கிராமங்களுக்குக் கேம்ப் போன பழைய சீமை வண்டி. அப்பா ஏலத்தில் எடுத்தது. உள்ளே மடக்குக் கட்டில் இரண்டு, அலமாரி, குழாய் வைத்த தொட்டி, ஜன்னலுக்குத் திரை. தொட்டியில் அப்பா போட்டோ கழுவுவாராம்.)

இன்ஸ்பெக்டர் சொன்னாராம்: "ஸ்டெப்னிய உள்ள உருட்டி வச்சுக்கிட்டு வந்தா எப்படிய்யா? பின்னாடி ஸ்டாண்டுல மாட்டிட்டு வா."

அந்த ஸ்டாண்டுதான் இல்லை. வெல்டிங் பட்டறையில் செய்தது திருப்பரங்குன்றம் தாண்டுவதற்குள் கழன்று விழுந்தது. டயர் உருண்டுபோய் ஒரு பெட்டிக்கடை வாசலில் நின்றது. கடைக்காரர், "என்னண்ணே, ஓசியில குடுக்கிறீகளா?" என்றாராம்.

ஸ்டாண்டு கிடைத்தால் வண்டி தேறும். வண்டி தேறினால் இந்தத் திருநகர் வீடு காலி. பங்குனியிலிருந்து ஊர் ஊராகத் திருவிழாவில் போட்டோ எடுக்கப் போகிறோம், மூன்று பேரும். வண்டியிலேயே சமையல், வண்டியிலேயே தூக்கம். என் எட்டாம் வகுப்புப் பரீட்சை? கேட்க பயம். நான் கேட்காத வரைக்கும் அப்பா 'கிடையாது' என்று சொல்ல முடியாது.

மாசி 14, சனி

வெயில். அப்பாவோடு வைகை ஓரத்துப் பழைய இரும்புக் கடைகள். கையில் என் காகித அச்சு. வண்டியின் பின்புறத்தில் காகிதத்தை ஒட்டி, பென்சிலால் தேய்த்து எடுத்தது. ஸ்டாண்டின் அடித்தகடு உட்காரும் இடம், நான்கு துளை.

பார்த்தவை:
ஜீப் ஸ்டாண்டு. துளை வேறு மாதிரி.
லாரி ஸ்டாண்டு. அசைக்கவே முடியவில்லை.
தையல் மெஷின் கால்.
பித்தளை ஹாரன். அழுத்திப் பார்த்தேன். கடைக்காரர் முறைத்தார்.

கடைசிக் கடை பாய் அச்சைப் பார்த்ததும், "மிஷன் வண்டியா? ரெண்டு வண்டி சேந்தாப்லதேன் வந்துச்சு தம்பி. ஒண்ணு கொட்டாம்பட்டிக்கு அங்கிட்டுக் கவுந்துருச்சு. சாமான் பூரா எங்கிட்ட வந்துச்சு, ஸ்டெப்னி ஸ்டாண்டு மட்டும் வரல" என்றார்.

"அது எங்க போச்சு பாய்?"

"அல்லாவுக்குத்தேன் தெரியும்."

நாளைக்குக் கொட்டாம்பட்டி. நானும் வரவா என்று கேட்டுவிட்டேன். கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறவள் எதற்குப் போகிறேன்? தெரியவில்லை. பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

மாசி 15, ஞாயிறு

மேகம், மழை இல்லை. கை இன்னும் வாசம் அடிக்கிறது.

டீக்கடையில் அப்பா கவிழ்ந்த வண்டியைப் பற்றி விசாரித்தார். ஒருவர், "ஆஸ்பத்திரி வண்டியா? அது கவுந்த எடத்துலதேன சாமியே இருக்கு. புளியமரம் தெரியுதா, அங்கிட்டுப் போங்க" என்றார்.

மரத்தடியில் மண்மேடு. அதில் இடுப்பு உயரத்துக்குக் கறுத்த இரும்பு. உச்சியில் மூன்று முனை, மூன்றிலும் எலுமிச்சம்பழம். மஞ்சள் துணி, குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு. லாரிகள் நின்று சூடம் கொளுத்திவிட்டுப் போகின்றன. சூலம் என்றுதான் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால் ஒரு பழத்துக்குக் கீழே திருகு மரை. சூலத்துக்கு எதற்கு மரை?

அப்பாவின் சட்டையை இழுத்து, "ஸ்டெப்னி" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

பூசாரி சொன்னார்: "வண்டி தலகுப்புறக் கவுந்துச்சு. நர்சம்மாவுக்கும் டிரைவருக்கும் ஒரு கீறல் இல்ல. இது மட்டும் பறந்து வந்து மண்ணுல குத்திக்கிட்டு நின்னுச்சு. சாமி இல்லாம வேற என்னங்கிறீக?"

அசல் சூலமே செய்து நட்டுத் தருகிறேன் என்றார் அப்பா. அதற்குள் கூட்டம். ஒரு அக்கா, "நல்லாருக்குய்யா நாயம்! எங்க சாமி முதுகுல டயரக் கட்டப் போறாராம்ல!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. என் காகித அச்சை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

கடைசியில் பூ கேட்பது என்று முடிவு. ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இரும்பைத் தொடக் கூடாது. சின்னப் பிள்ளைதான் எடுக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சிவப்பு வந்தால் பரீட்சை எழுதலாம். குனிந்தேன். இடது பொட்டலத்தில் மல்லிகை வாசம். வலதில் ஒன்றுமில்லை. அரளியாக இருக்கும். சாமி வேண்டுமென்றே தெரியவிட்டதா, பூசாரிக்கு ஜலதோஷமா?

கை வலது பக்கம்தான் போயிற்று. ஆனால் மண்ணுக்கு அடியில் நான்கு துளை இருக்குமா, என் அச்சோடு சேருமா? சிவப்பை எடுத்தால் கடைசி வரைக்கும் தெரியாது. அப்பா இன்னும் அச்சை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இடதை எடுத்தேன்.

மண்ணை விலக்கிப் பார்க்கலாம், சூலம் நட்ட பிறகு எடுத்துப் போகலாம் என்றார் பூசாரி. விலக்கினோம். நான்கு துளை. அப்பாவிடம் காகிதத்தை வாங்கி வைத்தேன். அப்படியே உட்கார்ந்தது. குதிக்க வேண்டும் போலவும் அழ வேண்டும் போலவும்.

பூசாரி அப்பாவிடம், "பூவெடுத்த புள்ளைய வெறுங்கையா அனுப்பக் கூடாது. கேக்குறதக் குடுக்கணும்" என்றார்.

"என்னம்மா வேணும் செல்வி? கேளு."

பரீட்சை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இம்புட்டு முகம் என்னையே பார்க்கிறது. "கலர்" என்று வந்தது.

டீக்கடையில் அப்பா ஒரு பாட்டில் ஆரஞ்சு கலர் வாங்கிக் கொடுத்தார். மூடியைத் திறக்க விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடைக்காரர், "காலி பாட்டில் வந்து சேரணும் பாப்பா" என்று அப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மாசி 18, புதன்

கணக்கு டெஸ்ட். சுமார். மல்லிகா என் ஜியோமெட்ரி பாக்ஸைத் திருப்பித் தரவில்லை. அம்மா பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிறாள்.

பாட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால். குடித்துவிட்டால் கேட்டது தீர்ந்துபோகும்.

அம்மா: "ஏண்டி அதையே பாத்துக்கிட்டு இருக்க? குஞ்சா பொரிக்கப் போகுது?"

மாசி 21, சனி

நல்ல வெயில். நேற்று அப்பா புதுச் சூலம் நட்டுவிட்டு ஸ்டாண்டை பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்டக்டர் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, சாமிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றாராம். அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க விடவில்லை. குங்குமத்தோடேயே மாட்டினோம். மரைகளை எடுத்துக் கொடுத்தது நான். டயர் ஏறி உட்கார்ந்தது. தட்டினால் அசையவில்லை. திங்கட்கிழமை எஃப்.சி.

உள்ளே போய் பாட்டிலை எடுத்து வந்தேன்.

"அப்பா, இத இன்னும் குடிக்கல. மாத்திக்கிறலாமா?"

"என்னத்த?"

"கேட்டத."

அப்பா ஸ்பேனரைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தார். "வேற என்ன வேணும்?"

"பரீட்சை எழுதணும்ப்பா."

"இதையா இம்புட்டு நாளா பாட்டிலுக்குள்ள வச்சிருந்த?"

அவர் டயரைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். ஏற்கனவே ஆட்டிப் பார்த்ததுதான்.

"பரீட்சை முடியிற வரைக்கும் வண்டி சனி ஞாயிறு மட்டுந்தேன் ஓடும். உங்கம்மாட்ட நான் சொல்லிக்கிறேன். முதல்ல அதக் குடி, கொட்டாம்பட்டிக்காரன் பாட்டில் கேப்பான்."

பாதி அவருக்குக் கொடுத்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

ஒன்பதாம் வகுப்பு பற்றிக் கேட்கவில்லை. ஒரே நாளில் இரண்டு கேட்க தைரியம் இல்லை. காலிப் பாட்டிலைக் கொடுக்கவில்லை, அரிசி டின்னுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதில் இன்னும்

அப்பா புரள்கிறார்.