இரண்டாம் பக்கம் சாயா, நான்காம் பக்கம் மாத்திரை

ஜூலை 7, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி ஒடிந்தது. பனச்சமூட்டில் பஸ் இறங்கி வெள்ளறடைப் பக்கம் ஆட்டோ. இன்று ஐந்து வீடு. உணவு ஆய்வுப் படிவங்கள், அளவுக் கிண்ணம், கரண்டி, விரல் குத்தும் ஊசி, எல்லாம் நனையாமல் பாலிதீன் பைக்குள்.

கடைசி வீடு ஷைனி. ரப்பர் மரங்களுக்குக் கீழே சரிவில். ஏழாம் மாதக் கர்ப்பம். புருஷன் பிஜு ரப்பர் வெட்டுகிறவன், மழையால் வேலை இல்லை.

நேற்று என்னென்ன சாப்பிட்டாள்? காலை மரச்சீனிக் கிழங்கு, பாலில்லாத கட்டஞ்சாயா ஒரு கிளாஸ். மதியம் சோறு, மீன்கறிச் சாறு.

மீன் துண்டு?

“அது அவருக்கு வச்சேன் எக்கா. எனக்கு வாடை பிடிக்காது.”

அடுக்களையிலிருந்து மாமியார்: “பிடிக்காதாம்! பின்ன சட்டிய வழிச்சு நக்குனது ஆராக்கும், பூனையா?”

இருவரும் சிரித்தார்கள். நல்ல மாமியார். மோளே என்றுதான் கூப்பிடுகிறாள்.

விரலில் குத்திப் பார்த்தேன், ரத்த அளவு எட்டுக்கு மேல் ஏறவில்லை. மூன்று மாதமாக இதே கதை. இரும்பு மாத்திரை ஒழுங்காகத் தின்கிறாயா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். முகம் வாடிவிட்டது. காலி அட்டைகளை எனக்குக் காட்டவென்றே ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறாள்.

“ஒரு நாளும் விட்டதில்ல. இன்னா பாருங்க.”

இன்றையதை என் கண் முன்னாலேயே வாயில் போட்டாள். எனக்கு ஒரு கிளாஸ் கட்டஞ்சாயா, அவளுக்கு ஒன்று. ஒரே மடக்கு. “சாயா இல்லாம இறங்காது எக்கா. இரும்புக் கம்பிய நக்குனது மாதிரியாக்கும்.”

சிரித்தேன். மாத்திரை: ஆம். டிக்.

ஆஸ்பத்திரிக்கு மறுபடி சீட்டு எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை போகிறாளாம்.

ஜூலை 9, புதன்

நெய்யாற்றின்கரையில் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூக்கம். ஆய்வை நடத்தும் டாக்டர் மேடம் பேசினார். இரும்பு மாத்திரையைச் சாயாவோடு விழுங்கினால் சத்து சரியாக உடம்பில் சேராது. தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். சாயா ஒரு மணி நேரமாவது தள்ளி.

பக்கத்தில் இருந்தவள் எழுதிக்கொண்டாள். நான் எழுதவில்லை. தெரிந்ததுதானே. கல்லூரியில் மனையியல் படித்தபோது பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கிய விடை. அந்த நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

பிறகுதான் ஷைனியின் கிளாஸ் நினைவுக்கு வந்தது. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவளுடைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். நான்கு மாதம். இரண்டாம் பக்கத்தில் சாயா, காலை. நான்காம் பக்கத்தில் மாத்திரை, காலை. எல்லாம் என் கையெழுத்து. நடுவில் ஒரே ஒரு தாள்.

பிஜுவுக்கு போன். ஸ்விட்ச் ஆஃப். நாளை நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

வீடு பூட்டிக் கிடந்தது. கொடியில் அவளுடைய நைட்டி, மழையில்.

பக்கத்து வீட்டுக்காரி மதில் மேலாகச் சொன்னாள்: “நேத்து மத்தியானமே வேதனை. நெய்யாற்றின்கரைக்குக் கொண்டு போனாவ. அங்க எடுக்கல்ல, டவுணுக்கு விட்டாவ. ஆம்பிளப் பிள்ள. ஒண்ணேகால் கிலோ தெகயாதாம்.”

நேற்று மத்தியானம். நான் வகுப்பில் இருந்த நேரம்.

ஜூலை 12, சனி

வாங்க வேண்டியது: உளுந்து, துணி சோப்பு, குடை.

மேடத்துக்கு போன் செய்து எல்லாம் சொன்னேன். “அதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது. குறைமாசத்துக்கு எத்தனையோ காரணம் உண்டு. மாத்திரைய எதோட விழுங்கினாங்கன்னு உங்க படிவத்துல கேள்வியே இல்லையே.” ஆறுதலாகத்தான் சொன்னார். படிவத்தில் கேள்வி இல்லைதான். கிளாஸ் என் கண் முன்னால் இருந்தது.

சாயங்காலம் பிஜு போனை எடுத்தான். “கண்ணாடிப் பெட்டியில உண்டு எக்கா. கை அசைக்கான். வெரலு எல்லாம் தீக்குச்சி மாதிரியாக்கும்.” குரலில் சந்தோஷம்.

மகள் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். சாப்பிட்டாயா என்றேன். “ம்” என்றாள். என்ன சாப்பிட்டாய் என்றேன். “அம்மா, நான் ஒங்க சர்வே இல்ல.”

ஜூலை 14, திங்கள்

குழந்தை போய்விட்டது. அதிகாலையில்.

மதியம் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பெயர் வைத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘ஷைனியின் குழந்தை’ என்றுதானாம்.

நான் போகவில்லை. தலைவலி என்று வீட்டில் சொன்னேன். தலைவலி இல்லை.

ஜூலை 18, வெள்ளி

வெயில். படிவம் எடுத்துக்கொள்ளாமல் ஷைனி வீட்டுக்கு.

மார்பைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாள். பால் கட்டி நோகிறதாம். மாமியார் வழக்கம்போலச் சாயா கொண்டு வந்து வைத்தாள், இரண்டு கிளாஸ். ஷைனி தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். இனியும் மூன்று மாதம் தின்னச் சொல்லியிருக்கிறார்களாம்.

“எக்கா, நான் ஒரு நாளும் விடல்லேல்லா. ஒங்களுக்குத் தெரியும்லா. பின்ன எனக்கு ஏன்?”

தெரியும் மக்கா என்றேன்.

மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மறு கையால் கிளாஸை எடுத்தாள். அவள் கையைப் பிடித்துவிட்டேன். சாயா என் சேலையில் கொட்டியது.

“இத வெள்ளத்துல குடி மக்கா. சாயாவோட வேண்டாம்.”

“அதென்ன எக்கா?”

“சாயாவோட குடிச்சா சத்து பிடிக்காதாம். டாக்டர் சொன்னாங்க.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரும் வாசல்படியில் அப்படியே நின்றாள்.

“எப்ப சொன்னாவ?”

“நேத்துதான்” என்றேன்.