கழற்றி வைத்த சப்பாத்துகள்

ஜூலை 1986, சனி இரவு

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் தையல் தொழிற்சாலை ஆட்களுடன் என் கணவரும் நானும் அல்ப்ஸ் மலைக்கு வந்திருக்கிறோம். இன்று மலைமேல் ஒரு தங்குமடத்தில் படுக்கை. வாசலிலேயே மடத்துக்காரி எல்லோருடைய சப்பாத்துகளையும் கழற்றிக் கீழறையில் வைக்கச் சொன்னாள். டேனிஷ்காரர் ஏனென்று கேட்காமல் கழற்றினார்கள். இராச்சாப்பாட்டுச் சூப்பைத் தொடாமல் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்காலோடு எப்படி ஓடுவது? இந்த மடத்துக்காரி ஏன் கதவடியிலேயே நிற்கிறாள்?

"இதென்ன யாழ்ப்பாணமே, ஆமி வந்து வளைக்க? பேசாமல் சாப்பிடும்," என்று இவர் சிரித்தார். இன்னொரு கோப்பை சூப்பும் வாங்கிக் குடித்தார்.

பிறகு நான் மெல்லக் கீழே போய் என் சப்பாத்தைச் சால்வைக்குள் மறைத்து எடுத்தேன். இவருடையதைத் தேடினேன். காணவில்லை. மடத்துக்காரியை மனதுக்குள் திட்டிக்கொண்டே மேலே வந்தேன்.

இவர் நல்ல நித்திரை. தலையணைக்குக் கீழிருந்து ஒரு சப்பாத்து நாடா தொங்குகிறது.