பின் டயருக்கு எவ்வளவு காற்று

என் சிட்டுவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீ உடம்பும் மனசும் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, நம் ஜீப்புக்குத்தான் நாலு காலும் தேய்ந்துவிட்டது. போனில் இதை ஆரம்பித்தால் அம்மா மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன் என்பாய். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாதே!

டயரில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரியாமலே இத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன் பார். கிணறு, ஓடை என்று தண்ணீர் சாம்பிள் எடுக்கப் போகிற என் வேலை உனக்குத் தெரியும், பாதித் தூரம் தார் ரோடு, மீதி சரளைக்கல்லும் சேறும். வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டு போனில் ஒரு ஜீப் குரூப்பிலும் சேர்ந்துவிட்டேன். எல்லாம் உன் வயசுப் பிள்ளைகள், என்னை ப்ரோ என்கிறார்கள், நானும் திருத்தவில்லை. யாராவது சேற்றில் மாட்டி மீண்ட வீடியோ போட்டால் முதல் ஆளாகக் கை தட்டுவது நான்தான்! தார் ரோட்டு டயர் சேற்றைக் கண்டால் வழுக்கும். சேற்று டயர் கட்டை கட்டையான பல்லோடு மண்ணைக் கவ்வும், ஆனால் தார் ரோட்டில் ஊளையிடும், மழையில் பிரேக் அடித்தால் சட்டென்று நிற்காது. நடுவில் ஒரு ரகம் இரண்டுக்கும் ஒத்துவரும். என் வேலைக்கு அதுவே போதும். மலை மேல் ஏரிக்குப் போகத்தான் சேற்று டயர். லீவுக்கு வந்தால் போகலாம் என்றாயே, அதற்காக. போன வாரம் கேட்டால் பாக்கலாம்மா என்றாய். அந்தப் பாக்கலாமை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் நான் என்ன டயர் கேட்பது?

குரூப்பில் யோசனை கேட்டேன், பழைய டயரைப் போட்டோ போடச் சொன்னார்கள். பின் டயர் இரண்டும் நடுவில் மட்டும் மொட்டை, ஓரமெல்லாம் புதுசு மாதிரி. ஆந்தை என்று பேர் வைத்திருக்கிற ஒருவன், ப்ரோ ஊரையே ஏத்திக்கிட்டுப் போறீங்களா, காத்து ஓவரானாதான் இப்படி நடு மட்டும் தேயும் என்று கலாய்த்தான். ஓடிப்போய்க் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஆள் குறைவென்றால் ஒரு அளவு, வண்டி நிறைய ஆளும் சாமானும் என்றால் கூடுதல் அளவு. அப்பா, நீ, நாய், கூடாரம், அடுப்பு என்று திணித்துக்கொண்டு போனோமே, அப்போது அடித்த அளவைத்தான் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா போய், நாய் போய், நீயும் வேலைக்குப் போன பிறகும், காற்று அடிக்கிறவர் எவ்ளோக்கா வைக்கட்டும் என்றால் வாய் தானாக அதையே சொல்கிறது. வழக்கமா எத்தனை பேர் போவீங்க ப்ரோ என்று ஆந்தை கேட்டான். மூன்று என்று அடித்தேன். அழித்துவிட்டு ஒன்று என்று அடித்தேன். நடு ரகமே போடுங்க ப்ரோ, தனியா மழையில வர்றவங்களுக்கு பிரேக்தான் முக்கியம் என்றான்.

அதையே போட்டுவிட்டேன், உன் மேல் கோபத்தில் இல்லை. காற்றும் ஒரு ஆளுக்கான அளவுதான். வண்டி இப்போது தூக்கிப் போடாமல் மெத்தென்று போகிறது, சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் முதல் நாள் வழியெல்லாம் பக்கத்து சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். மழை இல்லாத வாரமென்றால் ஏரிக்கு இந்த டயரே ஏறிவிடும் என்று குரூப்பே சத்தியம் செய்கிறது, அதனால் டயரைச் சாக்கு சொல்ல வழியில்லை, உனக்கும் சரி எனக்கும் சரி.

கழுத்து வலிக்கு அந்தத் தலையணையை மாற்று. நல்லா இரு, நினைத்ததெல்லாம் நடக்கட்டும். வருவதாக இருந்தால் ஒரு நாள் முன்னாடி சொல், பின் டயருக்குக் காற்று ஏற்றிவைக்கிறேன். வரவில்லை என்றாலும் சொல்லிவிடு கண்ணு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா