தொப்புளுக்கு இடப்பக்கம்

செம்மண்டலம்

அன்புள்ள சௌந்தரம்,

அதுவரை நீயே போட்டுவிட்ட இன்சுலினை, பொங்கலுக்கு முன்னால் எனக்கு நானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாய். சிதம்பரத்தில் உன் தம்பி வீட்டுக்கு ஒரேயடியாகப் போகப்போகிறாய் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. நர்ஸம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"ஒரே எடத்துல குத்திக் குத்திக் கட்டியாயிடுச்சி. இதுல போட்டா மருந்து ஒடம்புல சேராது. யாரு போட்டாங்க?"

நானேதான் என்றேன். அங்கே போட்டால் வலிக்கவில்லை என்று நான் சொன்னதால்தானே நீ இடம் மாற்றவில்லை.

"அந்த எடத்த விட்டுடுங்க, தானா கரைஞ்சிடும்" என்றார், நல்ல சேதி சொல்வதுபோல.

தொடையில் போட்டேன். கட்டியைத் தினமும் தடவிப் பார்த்தேன். சின்னதாகிக்கொண்டே வந்தது.

நேற்றிலிருந்து மறுபடி அங்கேயே போட்டுக்கொள்கிறேன்.

இன்னமும்
உன் வீட்டுக்காரன்