மேல ரூமுக்கு ஒரு கதவு

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் புது வீட்டுக்குப் போய், மாடி அறையின் கதவைச் சாத்தினேன். பல்கூடத் துலக்கவில்லை. சனிக்கிழமை மாலை அந்தக் கதவின் கொண்டியையும் நிலையில் அடித்திருந்த ஆணியையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் நானே முறுக்கிக் கட்டிவிட்டு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு யாரும் வருவதில்லை. வாசல் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று கதவு முழுதாகத் திறந்து சுவரோடு ஒட்டி நின்றது. கம்பி அறுந்திருக்கவில்லை. முறுக்கு அவிழ்ந்து, வட்டமாகச் சுருட்டி, ஜன்னல் திண்டில் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கழற்றிய குளுக்கோஸ் குழாயை நீ இரண்டு விரலில் சுற்றி வைத்தாயே, அதே அளவு வட்டம்.

அறையில் சிமெண்ட் வாசனை இல்லை. நீ ஊருக்கு வந்து பெட்டியைத் திறக்கும்போது சோப்பும் பவுடரும் புதுத்துணியும் கலந்து ஒரு வாசனை வருமே, அது இருந்தது. கதவைச் சாத்தியதும் போய்விட்டது. மறுபடி கொஞ்சம் திறந்து பார்த்தேன். பிறகு என் மேலேயே எரிச்சல் வந்து, பலமாகச் சாத்திவிட்டு இறங்கினேன்.

அந்தக் கதவுக்கு வெளியே ஒன்றும் கிடையாது. பால்கனி இல்லை, படி இல்லை. பன்னிரண்டடி கீழே ஜல்லிக் குவியல், அதற்கப்பால் வாழைத் தோட்டம், தூரத்தில் காற்றாலைகள். அதை அடைப்பதா வைப்பதா என்று இன்று சாயங்காலத்துக்குள் நான் கொத்தனாரிடம் சொல்ல வேண்டும். நாளை அவர் வேறொரு வீட்டு வேலைக்குப் போகிறார்; இன்றே சொன்னால்தான் இங்கே இரண்டு ஆளை விட்டுவைப்பார். அடைக்காவிட்டால் புது வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

இந்த வீட்டை நீ போனில்தான் கட்டினாய். குவைத்தில் நர்ஸ் டியூட்டி முடிந்து அறைக்கு வந்ததும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கூப்பிடுவாய். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட நீ, கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்ட நான், அம்மா. மூன்று பெண்களுக்கு ஒரு வீடு. அஞ்சுகிராமத்து வாடகை வீட்டின் ஓட்டுக்குக் கீழே முப்பது வருஷம் ஒழுகலுக்குச் சட்டி வைத்தவர்களுக்கு, எந்தச் சுவரில் எத்தனை சுவிட்ச் வேண்டும் என்று யாரோ நம்மைக் கேட்பதே அதிசயமாக இருந்தது.

வடசேரியில் டைல்ஸ் கடைக்குப் போன நாள் உனக்கு நினைவிருக்கும். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாகக் காட்டினேன். கடைக்காரர் பளபளவென்று ஒரு வெள்ளையை எடுத்து வைத்தார்.

"வெள்ள வேண்டாம் ஏட்டி. இருவது வருசமா வெள்ளையிலதான் நடக்கேன்," என்றாய். அடுத்ததைக் காட்டியதும், "வழுக்குமான்னு பாரு."

"வழுக்காது மேடம், நான் கியாரண்டி," என்றார் கடைக்காரர்.

"அவரு சொல்லாண்டாம். தண்ணி ஊத்தி நீ நடந்து பாரு."

வெறுங்காலோடு நான் நடந்தேன். கடைத்தரை முழுக்கத் தண்ணீர். கடைக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க வாங்க வந்தது டைல்ஸா தோணியா?" என்றார்.

"கெழவி விழுந்தா அவரா வந்து தூக்குவாருன்னு கேளு," என்று போனுக்குள்ளிருந்து நீ சொன்னது அவருக்கும் கேட்டுவிட்டது. கடைசியில் சொரசொரப்பான ஒரு மண் நிறத்தை எடுத்தோம்.

அடுக்களை மேடைக்கு என் இடுப்பை அளக்கச் சொன்னாய். குளியலறைச் சுவரில் அம்மாவுக்குப் பிடித்து எழக் கம்பி வைக்கச் சொன்னாய். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், எலிக்கு வீடு கட்டிக் கொடுக்க நாம் என்ன தருமவான்களா என்றாய். எல்லாவற்றுக்கும் மேலாக நிலைகள். கீழ்த்தளத்தில் எல்லாம் நாலடி அகலம். ஆசாரி இரண்டு தடவை என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"வீடு கெட்டுதியா, ஆஸ்பத்திரி கெட்டுதியா?" என்று உன்னிடம் கேட்டேன்.

"ஸ்ட்ரெச்சர் திரும்பணும்லா. ஒருநாளைக்கு ஆரையாவது தூக்கிட்டுப் போவணும்," என்றாய், சிரித்துக்கொண்டே.

அந்த நாலடியை முதலில் கடந்தது நீதான். சித்திரை மாதம் ஒன்பது நாள் காத்திருந்தபின் உன் பெட்டி வந்தது. வாடகை வீட்டு வாசலில் அது நுழையவில்லை. நேராகப் பிடித்தார்கள், சாய்த்துப் பிடித்தார்கள், நுழையவில்லை. "புது வீட்டுக்குக் கொண்டு போங்கய்யா," என்று யாரோ சொன்னார்கள். பூசாத சுவர்களுக்கு நடுவே, தளம் போடாத மண்தரையில், இரண்டு பெஞ்சின் மேல் உன்னை வைத்தோம். போதகர் அங்கேதான் ஜெபம் செய்தார். பால் காய்ச்சுமுன், போதகர் ஜெபித்து வீட்டைப் பிரதிஷ்டை செய்யுமுன், அந்த வீட்டில் முதலில் படுத்தவள் நீ. அம்மா அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

நானும் நாற்பது நாள் போகவில்லை. ஆனி மாதம் போய்ப் பார்த்தபோது மாடியறை எழும்பியிருந்தது. மேற்குச் சுவரில், ஜன்னல் வரவேண்டிய இடத்தில், நிலையும் கதவுமாக ஒரு வாசல். திறந்தால் வெறும் வானம்.

"இதென்ன கொத்தனாரே? இங்க கதவு வைக்க ஆரு சொன்னா?"

"சிஸ்டர்தான் டீச்சரே. இதுல கெடக்கு," என்று அவர் போனை எடுத்தார். நான் வேண்டாமென்று சொல்வதற்குள் நீ பேச ஆரம்பித்துவிட்டாய். பின்னால் உன் அறை ஏசியின் உறுமல். எங்கோ தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம்.

"கொத்தனாரே, மேல ரூமுக்கு வெளிய இருந்து வாறதுக்கு ஒரு கதவு வையுங்க. மறந்திராதிங்க. நான் வாறப்போ ஆரையும் எழுப்பாண்டாம்லா."

நீ போவதற்கு இரண்டு நாள் முன்பு அனுப்பிய குரல் பதிவு. சாரத்தில் நின்ற ஆள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

உனக்கும் எனக்கும் மேல என்றால் மேற்கு. மேலத்தெரு, மேல வீடு, மேல ரூம். நீ சொன்னது கீழ்த்தளத்தில் மேற்கே இருக்கிற உன் அறையை. கொத்தனார் குலசேகரத்துக்காரர், மலையாளம் கலந்த பேச்சு.

"எங்க பக்கம் மேலன்னா மாடி டீச்சரே. மேக்க நாங்க படிஞ்ஞாறுன்னுதான் சொல்லுவோம்."

"செரி, வெளிய படி இல்லியே. ஒரு வார்த்த கேக்கப்பிடாதா?"

அவர் போனைப் பையில் போட்டார். "ஆருட்ட கேக்க டீச்சரே?" என்றார்.

என்னிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் மனதில் நான் வீட்டுக்காரி இல்லை. நீதான். இப்போதும் அப்படித்தான். குழாய்க்கு எது, வர்ணத்துக்கு எது என்று நான் கேட்டால், "சிஸ்டர் சொன்னது வேறல்லா," என்று போனைத் தடவித் தேடுகிறார். நீ எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறாய். நான் பூச்சுக்கு வெளிர்பச்சை என்று முடிவு செய்துகொண்டு போன அன்று, ஒரு பதிவில் நீ, "பச்சைனு சொல்லுவா அவ, கேக்காதிங்க," என்றாய். கொத்தனார் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குச் சந்தனநிறம்தான் அடித்திருக்கிறது.

கதவு தானாகத் திறக்கிறது என்று முதலில் சொன்னது ஆசாரி. காற்று என்றும் அவரே சொன்னார். ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு மேற்குக் கதவு எம்மாத்திரம், அதுவும் உள்பக்கமாகத் திறக்கிற கதவு. பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிற நானும் அதையே நம்பினேன். ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துச் சுவர் ஜன்னல் வழியே பார்த்தால் ஒரு காற்றாலைகூடச் சுற்றவில்லை. வாழை இலை ஆடவில்லை. கதவு திறந்தது. காற்றில் திறக்கும் கதவு படாரென்று போய் மோதும். இது அப்படியில்லை. இரண்டு கையிலும் சாமான் வைத்திருப்பவர்கள் தோளால் தள்ளுவார்களே, அப்படிக் கொஞ்சம் திறந்து, நின்று, பிறகு மீதியும் திறந்தது. அதன்பின் சிறிது நேரம் அறையில் இன்னொருவர் மூச்சு வாங்கிக்கொள்ள நிற்பதுபோல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கொத்தனார் நல்ல மனிதர். தப்பு தன்னுடையது, தானே கல்வைத்து அடைத்துப் பூசித் தருகிறேன் என்கிறார். இல்லாவிட்டால் கம்பி நீட்டி ஒரு பால்கனி ஆக்கிவிடலாம், நாலு பூச்சட்டி வைத்தால் அழகாக இருக்கும் என்கிறார். அம்மா பால்கனியையும் ஒத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்: "படியே இல்லாத எடத்துல வாசல் வச்சிருக்கு. அதுல ஆரு ஏறி வருவா, சொல்லு."

"கொத்தனாரு தப்பா கேட்டுட்டாரும்மா. அவ்வளவுதான்."

"ஏட்டி, அவ போன அண்ணைக்கி விடியதுக்கு முன்ன, வெளுப்பாங்காலம் ஒரு குரல் வந்துதே. நீ கேட்டியா?"

"இல்ல," என்றேன்.

"நான் கேட்டேன்," என்றாள் அம்மா. "அத அடச்சிரு மக்கா."

அக்கா, நான் கேட்டேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். டைல்ஸையும் வர்ணத்தையும் சொல்லி இவ்வளவு தூரம் தள்ளிப்போட்டுவிட்டேன்.

அம்மாவின் சட்டம் உனக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள்தான், ஆனாலும் இதை விட்டதில்லை. விடியுமுன் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் ஏன் என்று கேட்க வேண்டும். "மத்தது மூணு தடவ கூப்பிடாது," என்பாள். மற்றது எது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் நீ லீவில் வந்தாயே, ஐப்பசி மழையில். திருவனந்தபுரத்திலிருந்து வந்த கார் உன்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. காலையில் பாலுக்காகக் கதவைத் திறந்தேன். நீ நனைந்த துணியோடு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாய்.

"இப்பதாம்ட்டி வந்தேன்," என்றாய். உன் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. "ஒரு சத்தம் குடுத்தேன். ஒறக்கம்னு நெனச்சு விட்டுட்டேன்."

நான் தூங்கவில்லை. நீ "ஏட்டி" என்று கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. உன் குரல் என்றும் தெரிந்தது. குவைத்தில் இருக்கிறவள் இங்கே எப்படிக் கூப்பிடுவாள் என்று போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது குரலுக்குக் காத்திருந்தேன். பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. இரண்டாவது குரல் வரவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை. அன்றைக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், தலை துவட்டிவிட்டேன், சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ எத்தனையோ தடவை போனில் பேசினாய், ஒருநாளும் சொல்லவில்லை. நீ உன் அறைக்குத் தனிக்கதவு கேட்டபோது, யாரையும் எழுப்பாமல் வந்து போகலாம் என்று சொன்னபோது, அது எதிலிருந்து பிறந்த ஆசை என்று எனக்குத் தெரியும். அப்போதும் பேசாமல் இருந்தேன். உனக்கும் தெரிந்திருந்ததோ என்னவோ.

நீ போன அன்றும் ஒரே ஒரு குரல்தான். "ஏட்டி." வாசலில்கூட இல்லை, கட்டிலுக்குப் பக்கத்தில். நான் விழித்திருந்தேன். காத்திருந்தேன். காலை ஏழு மணிக்கு, அதிகாலை டியூட்டிக்கு எழுந்த உன் அறைத்தோழி போன் செய்தாள், டியூட்டி முடிந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்று. குவைத்துக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற கணக்குதான். இதை மட்டும் இன்றுவரை போட்டுப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குப் பயம் நீ வந்துவிடுவாயோ என்று. எனக்குப் பயம் வேறு. நீ ஒரு தடவைக்கு மேல் கூப்பிடமாட்டாய். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாதென்று ஓசைப்படாமல் வந்து பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் போய்விடுவாய்.

கொத்தனார் ஐந்து மணிக்கு வருவார். அடைக்க வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். பால்கனியும் வேண்டாம். வெளியே, மேற்குச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரு படிக்கட்டு வேண்டும். உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம். அந்த அறையில் நான் படுத்துக்கொள்வேன். அம்மா கோபத்தில் வாடகை வீட்டிலேயே இருந்துவிடக்கூடும். அப்படியானால் பகலெல்லாம் அவளோடு இருந்துவிட்டு, படுக்க மட்டும் அங்கே போவேன். அவள் சட்டத்தைக் கேட்டு உன்னை ஒரு தடவை மழையில் உட்கார வைத்துவிட்டேன். இன்னொரு தடவை என்னால் முடியாது.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மேல்படியை மட்டும் கொஞ்சம் அகலமாக வைக்கச் சொல்வேன். கதவைத் தள்ளுமுன் பெட்டியைக் கீழே வைக்க உனக்கு இடம் வேண்டுமே.