பையோடவே வந்துவிடு, அம்மா

பிளெய்ன்ஸ்பரோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

தீக்ஷா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எந்த ஊரில் எந்தக் கட்டிலில் படுத்திருந்தாலும் சளி, தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். முதலில் நலம் விசாரிக்க வேண்டும், விஷயம் அப்புறம்தான் என்று ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீதான் சொல்லிக்கொடுத்தாய், அதனால் அவசரமாக இருந்தாலும் முறைப்படி எழுதுகிறேன். போர்வைக்குள் விளக்கை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஹாலில் அப்பா அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்கிறது, அது கேட்கிறவரைக்கும் எனக்கு எழுத நேரம் இருக்கிறது, நின்றால் பேனாவை மூடிவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்ள வேண்டும்.

மாடி வீட்டுப் பத்மராணி ஆன்ட்டி இன்று லாண்டரி அறையில் என்னைப் பிடித்து நிறுத்தினார். உன் போனை அணைத்து வைத்துவிட்டு நீ ஹாஸ்டல் போனிலிருந்து அவருக்குப் பேசுவது எனக்கு இதுவரை தெரியாது. "பிள்ளை, உன்ர அம்மா ஃபிளாக்ஸ்டாஃப் எண்ட ஊரில ஒரு ஹாஸ்டலில நிக்கிறா. காலமை அறையளைக் கூட்டித் துடைச்சுக் குடுத்தா படுக்கை சும்மாவாம். இஞ்ச ஒரு துவாய் மடிக்கிறதுக்கு என்ன மூஞ்சி காட்டுவா, அங்க போய்க் கூட்டுறாவாம்" என்று சிரித்தார், எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. அப்புறம் குரலைத் தணித்து, "அங்கையிருந்து எப்ப வெளிக்கிடுவா எண்டு அவவுக்கே தெரியாது. எழுதுறதெண்டால் இண்டைக்கே எழுது, நாளைக்கு நான் விரைவுத் தபாலில போடுறன்" என்றார். அப்பாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம், தெரிந்தால் காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார் என்று நீ சொன்னதையும் சொன்னார். நான் சொல்லவில்லை. ஆனால் நீ அங்கிருந்து கிளம்பிவிட்டால் இந்தக் கடிதம் யார் கைக்கும் போகாமல் மேஜையில் கிடக்குமே. அதனால் சீக்கிரம் விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் டெக்ஸாஸுக்குப் போகிறோம். அப்பாவின் ஆபீஸை இங்கே மூடுகிறார்கள், அங்கே ஆலன் என்கிற ஊருக்கு வந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த அபார்ட்மென்டின் லீஸும் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அங்கே ஒரு வீட்டை வாடகைக்குப் பேசியாயிற்று. கம்பெனி முதலில் தங்கிக்கொள்ள ஒரு அபார்ட்மென்டும் கொடுத்திருக்கிறது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நான் கேட்டேன். "எந்த ஊர்ல இருக்கான்னு தெரியாதவளுக்கு எங்கேன்னு போய் சொல்றது" என்று டேப்பைப் பல்லால் கடித்தபடியே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது, களைப்பாகச் சொன்னார். மதியம் உன் புடவைகள், புத்தகங்கள், நீ ஒவ்வொரு புது வீட்டிலும் பால் காய்ச்சுகிற சின்ன வெண்கலப் பானை எல்லாவற்றையும் இரண்டு பெட்டியில் போட்டுத் தனியாக வைத்தார். அது லாரியில் ஏறாதாம், இங்கேயே வாடகைக் கிடங்கில் இருக்குமாம். ஏன் என்று கேட்டதற்கு, "அவ வந்து எடுத்துக்கட்டும், அங்க கொண்டு போய் யாருக்கு" என்றார். அம்மா, நாம் குடித்தனம் மாறும்போது கிழிந்த மிதியடியைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லையே.

அப்பாவைத் தப்பாக நினைக்காதே. நீ தாத்தாவைப் பார்த்துக்கொள்ளத் திருச்சி போயிருக்கிறாய் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். போன மாதம் அப்பா ஆபீஸ் ஜம்புநாதன் அங்கிள் சாப்பிட வந்திருந்தபோது தாத்தாவே வீடியோ காலில் வந்து, "மாப்ளே, ருக்கு எங்க, அவ போன் போகவே மாட்டேங்குதே, இன்னிக்காவது கூப்பிடுங்க" என்றார். அப்பா இருமிக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்தார். அங்கிள் பாயசக் கிண்ணத்தைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. அன்றிலிருந்து அப்பா யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. தோசை மட்டும் நன்றாக வார்க்கிறார், உன்னுடையதைவிட மெல்லிசு, சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

நீ ஏன் போனாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அப்பா விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த விசாவில் இத்தனை வருஷம் நீ வேலைக்குப் போக முடியவில்லை, தாத்தாவுக்கு ஆபரேஷன் நடந்தபோதுகூட, போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொள்வோமோ என்று போகவில்லை. கிரீன் கார்டு வந்த அன்று அப்பா கேசரி கிண்டினார், நீ அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். எங்கே போகிறாய், எத்தனை நாள், ரிட்டர்ன் டிக்கெட் எங்கே என்று அப்பா கேட்டதற்கு, "ஃபிரிட்ஜ்ல ஒட்டின கேலண்டர் இல்லாம ஒரு தடவை சுத்திப் பாக்கறேங்க, ரெண்டு வாரம்" என்றாய். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறும்போது பை உன்னைவிடப் பெரிதாக இருந்தது. நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய், அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இரண்டு வாரம் கோடை வரைக்கும் நீண்டபோதும் நான் மனசுக்குள்கூட வா என்று கேட்கவில்லை. ஆனால் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கணக்குப் பாடத்தைத் திறந்தால் மேப்பைத் திறந்துவிடுகிறேன், எந்த பஸ் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது கேட்கிறேன். ஆனி முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்ச நாள் பார்த்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து பர்வதம் அத்தை, "வீட்டுக்காரி இல்லேன்னா என்ன, பொண்ணு வளர்ந்து நிக்கறாளே, அவ காய்ச்சட்டும். அந்த நாளை விட்டா ஆடி பொறந்துடும், அப்புறம் ஆவணிதான்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் சரி என்றுவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போன தடவை நீ காய்ச்சியபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து ஸ்மோக் அலாரம் அலறியது, நீ துண்டால் விசிறிக்கொண்டே சிரித்தாய். அந்த இடத்தில் நான் நின்று காய்ச்சிவிட்டால், அது நீ இல்லாமலே நிறைந்துவிட்ட வீடு ஆகிவிடும் என்று தோன்றுகிறது. அப்புறம் நீ வந்தால் விருந்தாளிபோல் வருவாய்.

அதனால் நான் ஒரு பொய் சொல்லப்போகிறேன். நவராத்திரிக்குத் தமிழ்ச் சங்கத்து ஆன்ட்டிகள் உன் தலையில் சுண்டல் வேலையைக் கட்டும்போதெல்லாம் நீ சொல்வாயே, ஒரே மாதத்தில் இரண்டு தடவைகூடச் சொன்னாயே, அதையேதான். வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு வீட்டு விலக்கு என்று சொல்லிவிடுவேன். அத்தை அதற்குமேல் ஒத்துக்கொள்ளமாட்டார், அத்தை பேச்சைத் தாண்டி அப்பா எதுவும் செய்யமாட்டார். கம்பெனி அபார்ட்மென்டிலேயே இருந்துவிடுவோம். ஆடி முழுக்க உனக்குக் கிடைக்கும். அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்வேன்.

ஆவணிக்குள் ஆலனுக்கு வா அம்மா. பையை இறக்கி வைத்துவிட்டு வா என்று கேட்கவில்லை, பையோடவே வா. பாலைக் காய்ச்சிவிட்டு மறுநாளே கிளம்பினாலும் நான் அழமாட்டேன், பஸ் ஏற்றிவிடுவேன். உன்னால் வர முடியாது என்றால் அதையாவது ஆன்ட்டியிடம் போனில் சொல்லிவிடு, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம் பார். கம்பெனி அபார்ட்மென்ட் முகவரியை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. வெறும் பிரெட் தின்றே நாளை ஓட்டாதே. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளாமல் வெயிலில் நடக்காதே. பஸ் ஸ்டாண்டில் தூங்கினால் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொள். கிரீன் கார்டைப் பைக்குள் போடாமல் உடம்போடு வைத்துக்கொள். ஆசி சொல்லி முடிப்பது பெரியவர்கள் வேலை என்று வகுப்பில் சொன்னாய், இந்த ஒரு தடவை நான் சொல்லிக்கொள்கிறேன், எங்கே நடந்தாலும் உன் கால் நோகாமல் இருக்கட்டும், நல்லவர்களே பக்கத்துக் கட்டிலுக்கு வரட்டும்.

உன் மகள்,
தீக்ஷா

மறந்துவிட்டேன். அப்பா குளிக்கப் போயிருந்தபோது அந்தப் பெட்டியின் டேப்பைப் பிரித்து வெண்கலப் பானையை எடுத்துவிட்டேன். என் ஸ்கூல் பையில், ஜிம் துணிக்கு அடியில் இருக்கிறது. அது என்னோடு விமானத்தில் வரும். பை நன்றாகக் கனக்கிறது, தோள் வலிக்கிறது, நீ எப்படித் தூக்கிக்கொண்டு நடக்கிறாயோ தெரியவில்லை.