பிள்ளைத்தாய்ச்சி ஓட்டு

நவம்பர் 15, 2000, புதன்

போன வாரம்தான் என் கணவர் டெல்பர்ட்டை அடக்கம் செய்தோம், அதற்குள் ஓட்டு எண்ணப் போகிறாயா என்று மகள் கோபித்துக்கொண்டாள். அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அடுத்த ஜனாதிபதி யார் என்று நாடே ஃப்ளோரிடாவின் கையைப் பார்த்துக் காத்திருக்கிறது. எங்கள் கை செய்வதோ, ஓட்டு அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது மட்டும். வேட்பாளர் பெயருக்கு நேரே குத்தூசியால் குத்திய சதுரத் துண்டு முழுதாக விழுந்திருந்தால் ஓட்டு. விழாததற்குத்தான் இத்தனை பெயர்: ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் தொங்கல், இரண்டு மூலை என்றால் ஆடுகதவு, துளையே விழாமல் உப்பிக்கொண்டிருந்தால் பிள்ளைத்தாய்ச்சி. என்னோடு மேசையில் இருக்கும் யூனிஸ் எதிர்க்கட்சிக்காரி. ஓர் அட்டையைக் காட்டி, "நெட்டி, இது மாசமா இருக்கா, இல்ல வாயுவா?" என்றாள். சாவுக்குப் பிறகு முதல்முறை சிரித்தேன்.

நவம்பர் 16

காலையில் டெல்பர்ட்டின் தலையணையில் ஒரு சதுரத் துண்டு. என் தலைமுடியில் ஒட்டி வந்திருக்கும்.

நவம்பர் 17

இன்றும். நான் அந்தப் பக்கம் படுப்பதே இல்லையே?

நவம்பர் 19, ஞாயிறு

தபால் ஓட்டுகள். ஓர் அட்டையை எடுத்ததும் தைல வாசனை — டெல்பர்ட்டின் வலது கைக்கு நான் தினமும் தேய்த்த அதே தைலம். யூனிஸுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அட்டையில் ஒரே இடத்தில் பிறை மாதிரி நகம் பதிந்திருந்தது. துண்டு உப்பியிருந்தது, விழவில்லை.

பக்கவாதம் வந்த கையால் குத்தூசியைப் பிடிக்க முடியாமல், சமையலறை மேசையில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாரே. உதவப் போனதற்கு, "என் ஓட்டு, என் விரலு" என்று விரட்டினாரே. தேர்தலுக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் அதுதான்: "நெட்டி, என் ஓட்டு விழுந்துச்சா?" விழுந்தது என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

இது என் கணவருடையது என்று சொன்னால் அட்டையையும் ஒதுக்குவார்கள், என்னையும் அனுப்பிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். யூனிஸ் உற்றுப் பார்த்துவிட்டு, பிள்ளைத்தாய்ச்சிதான், மேலே இருப்பவர்கள் முடிவு செய்யட்டும் என்று தகராறுப் பெட்டியில் போட்டாள். லேசாக ஒரு தட்டு தட்டியிருந்தால் விழுந்திருக்கும். கை வரவில்லை. அப்புறம் அது என் விரலாகிவிடுமே.

நவம்பர் 21

சமையலறையில் டக், டக். நகம் அட்டையில் படுகிற சத்தம். குழாய் சொட்டுகிறதா என்று போய்ப் பார்த்தேன். தொட்டி காய்ந்து கிடக்கிறது.

நவம்பர் 22

எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். நேரம் போதாதாம். தகராறுப் பெட்டியை யாரும் தொடக்கூட இல்லை. என் கண் முன்னால்தான் மூடி முத்திரை வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த அட்டை, உப்பியபடியே இருந்தது.

"வயித்துல வெச்சே பூட்டிட்டாங்க" என்றாள் யூனிஸ். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவளுக்குக் காரணம் தெரியாது. கைக்குட்டை கொடுத்தாள்.

நவம்பர் 23, நன்றித் திருநாள்

மகள் வான்கோழியோடு வந்துகொண்டிருக்கிறாள். பழக்கதோஷத்தில் டெல்பர்ட்டுக்கும் தட்டு வைத்துவிட்டேன். எடுக்கப் போனால் — தட்டின் நடுவில் ஒரு துண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நடுவில் பிறை. தைல வாசனை.

பெட்டி முத்திரையோடு அங்கே பூட்டிக் கிடக்கிறது. அந்த அட்டையை இப்போது தூக்கிப் பார்த்தால் துளை வழியே வெளிச்சம் தெரியுமோ? அவர் நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன்.

"விழுந்துடுச்சு, டெல்பர்ட்."

எண்ணத்தான் யாரும் இல்லை. தட்டை எடுக்காமல் விட்டுவிட்டேன்.